கேரி பேக்கில் வந்த மண்

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதைப் பற்றிய கட்டுரையில், மண்ணை ஆய்வகத்தில் கொடுத்தால் எவ்வளவு எண்ணெய் என்று தெரிந்துவிடும் என ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பதினோரு வருஷமாக மண் சோதிக்கிற ஆள் நான். அவ்வளவு லேசு இல்லைங்க.

போன மாதம் ஒருவர், பெட்ரோல் கசிந்த மண்ணை மளிகைக்கடை கேரி பேக்கில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். பிரித்ததும் வாடை குப்பென்று அடித்தது. காற்றில் போனது கருவிக்கு எப்படி வரும்? கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, டெஃப்லான் வைத்த மூடி போட்டு, ஐஸ் பெட்டியில் கொண்டுவரணும்.

அடுத்த வம்பு அலையாத்திச் சேறு. மண்ணிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்க ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றுவோம்; மக்கிய இலையின் மெழுகும் கொழுப்பும் அதில் எண்ணெயோடு சேர்ந்தே கரையும். சிலிக்கா ஜெல்லில் அந்த இலைக் கொழுப்பைப் பிரிக்காமல், கரைப்பானை ஆவியாக்கி மிச்சத்தை எடை போட்டால் சுத்தமான சேறுகூட 'எண்ணெய்' காட்டும். கலவையைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும். புது டீசல் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். நாள்பட்ட எண்ணெய், பல்லெல்லாம் உதிர்ந்து வெறும் மேடாகத் தெரியும்.

அறிக்கை கையில் கிடைத்தால் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அளந்தது சி10 முதல் சி40 வரையா (அதாவது மூலக்கூறில் பத்து முதல் நாற்பது கார்பன் அணு உள்ளவையா), வேறு வரம்பா? உலர்ந்த எடையா, ஈர எடையா? பாதி தண்ணீராக இருக்கும் சேற்றுக்கு ஈர எடையில் கணக்குப் போட்டால் மாசும் பாதியாகிவிடும். சில வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கணக்குதான் ரொம்பப் பிடிக்கும்!