அணுகுண்டு சும்மா கிடக்கும் பொருள் இல்லை

"வச்சிருக்காங்க, அவ்வளவுதானே? யார் போடப்போறா?" அணுகுண்டுப் பேச்சு வந்தால் குன்னூர் டீக்கடையிலும் இதுதான், படித்தவர்கள் கூடும் இடத்திலும் இதுதான். எனக்கு அந்த 'வச்சிருக்காங்க' என்ற சொல்லோடுதான் சண்டை.

குன்னூர் அருகே அருவங்காட்டில் வெடிமருந்து செய்யும் கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். தோட்டாவையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளும், நைட்ரோசெல்லுலோஸ் கலந்த உந்துமருந்து கிடங்கில் இருக்கும்போதே மெல்லச் சிதையும். அதைத் தடுக்கச் சேர்க்கும் நிலைப்படுத்தியும் நாளாக ஆகக் குறையும். அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அளவு இறங்கியிருந்தால் அந்த லாட்டையே அழித்துவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

அணுகுண்டுக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. குண்டின் வெடிபொருளான புளுட்டோனியம்-239-இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 24,100 ஆண்டு. ஆனால் இன்றைய குண்டுகளில் வெடிப்பாற்றலைக் கூட்டச் சேர்க்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனுக்கு 12.3 ஆண்டுதான், வருஷத்துக்கு ஏறத்தாழ 5.5 சதவீதம் சிதைந்துவிடும். நேரத்துக்கு மாற்றி நிரப்பாவிட்டால் குண்டு கணக்கிட்ட ஆற்றலைத் தராது. டிரிட்டியத்துக்கு அணு உலை வேண்டும், பிரித்தெடுக்கும் ஆலை வேண்டும், பழகிய ஆட்கள் வேண்டும். ஆக, குண்டு வைத்திருக்கும் அரசு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அதைப் புதிதாகத் தீர்மானிக்கிறது.

ஏன் தீர்மானிக்கிறார்கள் என்றால் உக்ரைனைக் காட்டுவார்கள். 1994-இல் புடாபெஸ்டில் தன் எல்லையை மதிப்பதாக வாக்குறுதி வாங்கிக்கொண்டு, சோவியத் உடைந்தபோது தன் மண்ணில் மிஞ்சிய குண்டுகளை உக்ரைன் ரஷ்யாவுக்கு அனுப்பியது. 2014-இல் அதே ரஷ்யாவிடம் கிரிமியா பறிபோனது. லிபியா 2003-இல் அணுகுண்டுத் திட்டத்தைக் கைவிட்டது. 2011-இல் அதன் தலைவர் கடாபி கொல்லப்பட்டார். இந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் உக்ரைன் கதையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஏவும் குறியீடுகள் மாஸ்கோவிடம் இருந்தன. குண்டுகளைப் பராமரிக்கும் ஆலைகளும் ரஷ்யாவில்தான். வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் பெரும் சுமையாகியிருக்கும். தென்னாப்பிரிக்கா தானே செய்த 6 குண்டுகளையும் கழற்றிப் போட்டது. 1993-இல் அதிபர் டி கிளர்க் அதை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அங்கோலாவிலிருந்து கியூபப் படை வெளியேற 1988-இல் உடன்பாடு ஆனதும் தென்னாப்பிரிக்காவின் பயம் தணிந்திருந்தது. அதை ஏனோ யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

எனக்குள்ள பெரிய கவலை குண்டுகளின் எண்ணிக்கை அல்ல, முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் செயற்கைக்கோள் 5 அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. மேகத்தில் பட்டுத் திரும்பிய வெயில் அது. பணியில் இருந்த சோவியத் அதிகாரி பெத்ரோவ் நம்ப மறுத்ததால் தப்பித்தோம். 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணையே தவறிப் பறந்து பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே விழுந்தது. விதிமுறையை மீறியதால் நேர்ந்தது என்று விசாரணையில் தெரிந்து 3 விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். இரு நாட்டுக்கும் இடையே ஏவுகணை பறக்கும் நேரம் சில நிமிடம்தான். அதற்குள் அது வெறும் தவறு என்று எதிர்த்தரப்புக்கு எப்படிப் புரியவைப்பது?

இந்தியா அணுகுண்டை முதலில் பயன்படுத்தாது என்ற 2003 கொள்கையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். குண்டு ஓரிடம், ஏவுகணை ஓரிடம் என்ற பழைய ஏற்பாட்டில் அவகாசம் தானாகவே கிடைத்தது. உறைக்குழாயில் அடைத்த ஏவுகணைகளும் நீர்மூழ்கிக் கப்பல்களும் வந்தபின், குண்டை முன்கூட்டியே பொருத்தி வைக்கும் பக்கம் நகர்கிறோம். கடலுக்குள் அது தவிர்க்க முடியாதது. தரையில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. குன்னூர் பக்கத்து வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியில் நம் அதிகாரிகளோடு வெளிநாட்டு அதிகாரிகளும் படிக்கிறார்கள். தரையில் உள்ள குண்டுகளைப் பிரித்தே வைக்க வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்கட்டும்.