கண்டக்டருக்கு இங்க பேரு ‘கொண்டா’

நேத்து இங்க நம்ம ஆளுங்க இருக்கற வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. கென்யா தலைநகரம் நைரோபியில டிராஃபிக் அசையாம நிக்குது, ஒரு மட்டாட்டு மட்டும் நடைபாதை மேல ஏறி ஹாரன் அடிச்சுக்கிட்டே போகுது, நடந்து போறவங்க சுவரோட சுவரா ஒட்டிக்கறாங்க. கீழ வரிசையா “இவனுங்கள எல்லாம் தூக்கி உள்ள போடணும்”, “இதுக்குத்தான் நான் டாக்ஸிய தவிர எதுலயும் ஏறுறதில்ல”. மூணு வருஷமா தினமும் அந்த வண்டியிலதான் வேலைக்குப் போறேன். அங்க பதில் போட்டா சண்டையாயிடும், அதான் இங்க எழுதறேன்.

மட்டாட்டுன்னா தனியார் வேன், மினிபஸ். 14 சீட்டு டொயோட்டாவும் இருக்கு, 33 சீட்டும் இருக்கு. ஸ்வாஹிலியில டாட்டுன்னா மூணு, ஆரம்பத்துல மூணு பத்து சென்ட் காசு டிக்கெட்டுங்கறதால இந்தப் பேருன்னு சொல்வாங்க. முன்னாடி லைசன்ஸ் இல்லாம ஒளிஞ்சு மறைஞ்சுதான் ஓடுச்சு, 1973ல கென்யாவோட முதல் ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா ஓடட்டும்னு உத்தரவு போட்டார், அதுக்கப்புறம் ஊரே இதுங்க கையில வந்துடுச்சு. 2019 கணக்குப்படி 44 லட்சம் ஜனம் இருக்கற ஊரு, கவர்மென்ட் பஸ்ஸை நம்பி வீட்டை விட்டு கிளம்பின ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்ல.

என் வீடு பார்க்லாண்ட்ஸ், ஆபீஸ் மோம்பாசா ரோடு பக்கம். தூரம்னு பாத்தா ஒண்ணும் பெருசில்ல. ஆனா ரூட்டெல்லாம் சைக்கிள் சக்கரத்து கம்பி மாதிரி டவுன்லேர்ந்து பிரிஞ்சு போகுது, பக்கத்து கம்பிக்கு போகணும்னாலும் நடுவுக்கு போயித்தான் திரும்பணும். அதனால டவுன்ல இறங்கி, கூட்டத்துல பத்து நிமிஷம் நடந்து, இன்னொரு ஸ்டேஜுல (வண்டி நின்னு ஆள் ஏத்தற இடம்) அடுத்த வண்டி. எந்த வண்டி எங்க நிக்கும்னு எங்கயும் எழுதி இருக்காது, கேட்டு கேட்டுத்தான் போகணும். 2014ல நைரோபி யுனிவர்சிட்டி பசங்களும் எம்ஐடி, கொலம்பியா ஆளுங்களும் சேர்ந்து, போனை கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ரூட்டா ஏறி இறங்கி, 130க்கு மேல ரூட்டை மெட்ரோ மேப் மாதிரி வரைஞ்சாங்க. அதுவரைக்கும் இந்த மேப்பு ஜனங்க தலைக்குள்ளதான் இருந்துச்சு.

கண்டக்டரை இங்க ‘கொண்டா’ம்பாங்க. முதல் நாள் அவன் கைய நீட்டினப்ப பக்கத்துல ஒரு அம்மா “கொண்டா” அப்டின்னுச்சு, நான் அவசர அவசரமா காசை எடுத்து கொண்டாந்து குடுத்துட்டேன், அந்தம்மா அவனை கூப்டுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது 😄. இருபது ஷில்லிங்குக்கு ‘ம்பாவ்’, அம்பதுக்கு ‘ஃபின்ஜே’, நூறுக்கு ‘ஸோ’. இந்த மூணு தெரிஞ்சா பாதி ஸ்வாஹிலி தெரிஞ்ச மாதிரி. இன்னொண்ணு பட்டு தெரிஞ்சுக்கிட்டது: இன்னும் ஒரே சீட்டுதான், உடனே கிளம்பும்னு ஏத்துவாங்க, நான் உக்காந்ததும் ஏற்கனவே உக்காந்திருந்ததுல நாலு பேர் ஒவ்வொருத்தரா எறங்கி போயிட்டாங்க. வண்டி நிறைஞ்ச மாதிரி காட்டறதுக்கு காசு வாங்கிட்டு உக்கார்ற ஆளுங்களாம். ஆபீஸுக்கு முக்கா மணி நேரம் லேட்டு.

சரி விஷயத்துக்கு வரேன். அந்த டிரைவர் ஏன் நடைபாதையில ஏத்தறான்? அவனுக்கு சம்பளம் கிடையாது. வண்டி ஓனர் ஒரு தொகை சொல்லுவார், அதுக்கு இங்க பேரே டார்கெட். சாயங்காலத்துக்குள்ள அது ஓனர் கைக்கு போயிடணும். அதுக்கு மேல டீசல், ஸ்டேஜுல கத்தி ஆள் ஏத்தறவனுக்கு, வழியில கைய நீட்டற போலீசுக்கு, இவ்வளவும் போய் மிச்சம் இருந்தா டிரைவருக்கும் கொண்டாவுக்கும். அப்ப ஜாம்ல நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் அவன் வீட்டு அரிசி... அரிசி இல்ல, உகாலி களி கிண்டற சோள மாவு. மழை வந்தா டிக்கெட் அம்பது நூறாகறதும் இதே கணக்குதான், மழையில ரோடு நின்னுடும், நாலு டிரிப் ரெண்டாயிடும், டார்கெட் மட்டும் குறையாது. எனக்கும் எரிச்சலாத்தான் வரும், நனைஞ்சுக்கிட்டே திட்டிட்டுத்தான் குடுப்பேன்.

2004 பிப்ரவரியில ஜான் மிச்சுகிங்கற போக்குவரத்து மந்திரி கொண்டுவந்த ரூல்ஸை இன்னிக்கும் மிச்சுகி ரூல்ஸ்னுதான் சொல்றாங்க. சீட் பெல்ட், 80க்கு மேல போகாம ஸ்பீட் கவர்னர், மஞ்சள் பட்டை, நிக்க வெச்சு ஏத்தக்கூடாது, எல்லாம் வந்துச்சு. அதே ரூல்ஸ்ல டிரைவரையும் கண்டக்டரையும் நிரந்தரமா வேலைக்கு வெக்கணும்னும் இருந்துச்சு. பட்டையை நான் தினமும் பாக்கறேன், நிரந்தர வேலையில இருக்கற ஒரு கொண்டாவை இதுவரைக்கும் பாக்கல.

கார்டு கதையும் அதேதான். 2013ல கூகுளும் ஈக்விட்டி பேங்கும் சேர்ந்து வண்டி டிக்கெட்டுக்கு பேபாபேன்னு ஒரு கார்டு விட்டாங்க, ரெண்டே வருஷத்துல மூடிட்டாங்க. டெக்னாலஜி புரியாத ஊருன்னு யாரும் சொல்லிடாதீங்க, 2007லயே போன்ல காசு அனுப்பற எம்-பெசா வந்த ஊரு, தெருவோரம் சோளம் சுட்டு விக்கற அம்மாவுக்கும் போன்லதான் காசு போகுது. என் கணக்கு என்னன்னா, கார்டுல போட்டா காசு நேரா மேல போயிடும், கொண்டாவுக்கு அன்னிக்கு சாயங்காலம் கையில என்ன நிக்கும்? இன்னிக்கும் எம்-பெசாவுல வாங்கறாங்க, பல நேரம் கொண்டாவோட சொந்த நம்பருக்கு 😀

இவங்க எல்லாம் தங்கம்னு சொல்ல வரல. 2014ல ஒரு ஸ்டேஜுல ஒரு பொண்ணோட டிரெஸ் சரியில்லன்னு ஒரு கும்பல் அவ துணிய உருவினாங்க, அந்த நவம்பர்ல நைரோபி பெண்கள் கூட்டமா ரோட்டுக்கு வந்து நின்னாங்க. டார்கெட் இருக்குங்கறது அதுக்கெல்லாம் சமாதானம் ஆகாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல என் மனைவி தனியா ஏறமாட்டா, நானும் ஏறுன்னு சொல்லமாட்டேன்.

ஆனா எல்லா பழியையும் வண்டிக்காரன் தலையில கட்டறது சுலபம். 2018 டிசம்பர்ல மட்டாட்டு டவுனுக்குள்ளயே வரக்கூடாதுன்னு கவர்னர் ஒரு தடை போட்டார். ஜனம் ஆபீஸ் பேக்கோட ஊருக்கு வெளியேர்ந்து நடந்தாங்க, சீக்கிரமே தடைய நிறுத்தி வெச்சாங்க. 2022ல 27 கிலோமீட்டருக்கு டோல் எக்ஸ்பிரஸ்வே திறந்தாங்க, அதுல ஒரு பகுதி தூண் மேல போகுது, என் வண்டி அந்த தூணுக்கு கீழ நிக்குது. திக்கா ரோட்டுல பஸ்ஸுக்குன்னு 2019லயே செவப்பு கோடு போட்டாங்க, நான் வந்து மூணு வருஷத்துல அந்தக் கோட்டுல பஸ்ஸைத் தவிர எல்லாம் ஓடிப் பாத்துட்டேன்.

குரூப்ல டாக்ஸி கமெண்ட் போட்ட அண்ணே, ஒரு நாள் காலையில ஆறரைக்கு பார்க்லாண்ட்ஸ் வாங்க, கூட்டிட்டு போறேன். சில்லறையா ம்பாவ் காசு வெச்சுக்கங்க, ஸ்பீக்கருக்கு பக்கத்துல உக்காராதீங்க, டவுன்ல எறங்கினதும் சாயும் மண்டாசியும் (எண்ணெயில பொரிச்ச பன் மாதிரி) என் செலவு. ஜன்னல் சீட்டு கிடைச்சா மட்டும் போனை உள்ள வெச்சுடுங்க, ஜாம்ல வண்டி நிக்கறப்ப வெளியேர்ந்தே புடுங்கிட்டு ஓடிடுவான், எனக்கு இது ரெண்டாவது போன்.