ஃபோகஸ் வேறு, நிறப் பொருத்தம் வேறு

"ப்ரொஜெக்டரில் எழுத்தோரம் சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தால் ஃபோகஸைத் திருகினால் போதும், படிக்க ஒரு பாதிப்பும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. மூன்று பேனல் எல்சிடி ப்ரொஜெக்டரில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிப் பேனல்கள் (படத்தை உருவாக்கும் சின்னத் தகடுகள்); அந்த ஒளி ஒரு பட்டகத்தில் சேர்ந்த பிறகுதான் லென்ஸுக்கே வருகிறது, ஒரு பேனல் ஒரு பிக்சல் நகர்ந்திருந்தால் ஃபோகஸை எவ்வளவு திருகினாலும் அது நகர்ந்தபடியேதான் இருக்கும். சில மாடல்களில் மெனுவிலேயே பேனல் சீரமைப்பு உண்டு, அதைப் பாருங்கள். நடுவில் சரியாக இருந்து மூலைகளில் மட்டும் நிறங்கள் பிரிந்தால் லென்ஸின் குறையாக இருக்கலாம்.

சினிமா பார்ப்பவருக்கு இது தெரியாமலே போகும், சரி. ஆனால் எக்செல் தாளின் சின்ன எண்கள், கறுப்புப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து என்றால் கோடு அகன்று கான்ட்ராஸ்ட் குறையும், 3-ஐயும் 8-ஐயும் பிரித்தறியக் கண் திணறும். எந்த நிறம் விலகியது என்பதும் முக்கியம்: எச்டி வீடியோவின் நிறத் தரநிலையான ரெக் 709 கணக்குப்படி வெள்ளையின் ஒளிர்வில் பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. அதனால் நீலம் நகர்ந்தால் பெரும்பாலும் பார்க்கத்தான் அசிங்கம்; சிவப்பும் பச்சையும் பிரிந்தால் படிக்கவே சிரமம். அப்புறம், டிஎல்பி என்ற வேறு வகை ப்ரொஜெக்டரில் கணநேரம் மின்னித் தெரியும் வானவில் நிறங்களை இதோடு குழப்ப வேண்டாம், ஒற்றைச் சிப்பில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுவதால் வருவது அது.