சிஸ்டர் ரோஸெட்டா தார்ப்: கல்லறைக்கு ஒரு கல் வர இத்தனை வருடமா?

ராக் அண்ட் ரோலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது யார் என்று கேட்டால் எல்விஸ் என்பார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் சக் பெர்ரி என்பார்கள். நானும் பல வருடம் இந்த இரண்டாவது கட்சியில்தான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன், யூடியூபில் சிஸ்டர் ரோஸெட்டா தார்ப்பைப் பார்க்கும் வரை.

அந்த வீடியோ 1964ல் இங்கிலாந்து டிவிக்காக மான்செஸ்டரில் எடுத்தது. ரயில் வராத பழைய ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரத்தில் இளவட்டங்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர் பிளாட்பாரம்தான் மேடை. மழை பெய்து தரையெல்லாம் ஈரம். குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் ஓர் அம்மா, அவர்தான் ரோஸெட்டா. வயது 49. மேலே நல்ல கோட்டு. வெள்ளை கிப்சன் எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, அன்றைய மழைக்குத் தோதாக, பைபிளில் வரும் நோவா காலத்து மழையைப் பற்றிய சர்ச் பாட்டை எடுத்துவிடுகிறார். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு கிட்டாரைப் பேச விடும் இடம் வருகிறதே, அங்கே மட்டும் நான் ஏழெட்டு முறை பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

அப்புறம் தேடினால், எல்லாம் முன்னாடியே நடந்து முடிந்திருக்கிறது. 1915ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பிறந்தவர். சின்னப் பிள்ளையிலேயே அம்மாவோடு சர்ச் சர்ச்சாகப் போய் வாசித்தவர். 1938ல் நியூயார்க் காட்டன் கிளப்பில் ஏறியதும் சர்ச் ஆட்களுக்குக் கோபம், சாமி பாட்டைக் குடிக்கிற இடத்தில் பாடுவதா என்று. 1944ல் அவர் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே', கறுப்பின இசைக்கென்று பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை தனியாக வைத்திருந்த பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. எல்விஸின் முதல் ரெக்கார்டு வந்தது 1954ல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 1947ல் மேக்கன் ஊரில் ஒரு பதினாலு வயதுப் பையனைத் தன் மேடையில் பாட விட்டிருக்கிறார். அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட்.

இந்த இசையின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986ல் முதல் பட்டியல் போட்டபோது லிட்டில் ரிச்சர்ட் இருந்தார், சக் பெர்ரி இருந்தார், எல்விஸும் இருந்தார். அதில் ஒரு பெண்கூட இல்லை. ரோஸெட்டாவைச் சேர்த்தது 2018ல். அதுவும் 'ஆரம்பகாலத் தாக்கம்' என்ற பிரிவில். எனக்கு எரிச்சலே இந்த வார்த்தையில்தான். சமைத்தவரைக் கூப்பிட்டு 'வாசனைக்கு நன்றி' என்று சொல்வதுபோல இருக்கிறது. அந்த மழை வீடியோவில் கேட்பது தாக்கமா? அதுதானே ராக் அண்ட் ரோல்!

1973ல் ஃபிலடெல்பியாவில் இறந்தார். அவரைப் புதைத்த இடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பெயர் பொறித்த ஒரு கல் கிடையாது. 2008ல் ரசிகர்கள் ஒரு கச்சேரி வைத்துப் பணம் திரட்டிய பிறகுதான் அதுவும் வந்தது.

சரி, வீட்டில் கிட்டார் கற்றுக்கொள்ளும் பிள்ளை இருந்தால் இன்று ராத்திரி அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். யார் என்று முதலில் சொல்லாதீர்கள்.