கடலைக் கேட்காமல் கூட்டம் போட்டுவிட்டு "பெற்றோர் வரலை"யாம்!

"இந்தப் பக்கத்துச் சனங்களுக்குப் பிள்ளை படிப்பில அக்கறையே கிடையாது சார்."

ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளில், மண்டபத்தில் ஆரம்பித்துத் தொண்டி வரைக்கும், பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வராதபோதெல்லாம் ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வசனம். சரி, கூட்டம் என்றைக்கு வைத்தீர்கள்? வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3 மணி. அன்றைக்கு என்ன திதி? காலையில் தேதித் தாளைக் கிழிக்கும்போது ஒருத்தராவது பார்த்தீர்களா?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும். பாம்பன் சின்னப்பாலம் மாதிரி ஊர்களில் கடல் பாசி எடுக்கிற பெண்கள் கடலில் இறங்குகிற நாட்கள் அவை. மாதத்துக்கு 12 நாள்தான் என்று அவர்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு நாளைப் பிடுங்கி, பாறை கீறாமல் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டு உங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்காரச் சொன்னால் யார் வருவார்கள்? இறால் கம்பெனியில் உரிக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. பாதியில் எழுந்து வந்தால் அன்றைய காசு போச்சு.

அப்பாக்கள் வரட்டும் என்கிறீர்களா? ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரை பிடிக்கும். மிச்ச நாலு நாள் வல்லம் மாதிரி நாட்டுப்படகுக்கு. ஆக, உங்கள் வெள்ளிக்கிழமை விசைப்படகு வீட்டுக்குச் சரிப்படும், அடுத்த வீட்டு வல்லத்துக்காரருக்குச் சரிப்படாது. ஒரே தெருவிலேயே இப்படி. இதற்கு ஆராய்ச்சியா பண்ண வேண்டும்? படகுத் துறை டீக்கடையில் நின்று கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். ஒரே கூட்டத்தை இரண்டு தடவை வையுங்கள். வெள்ளி பிற்பகல் ஒன்று, சனி அல்லது திங்கள் சாயங்காலம் ஒன்று. அரை அரை மணி நேரம் போதும். மூன்று மணிக்கு ஆரம்பித்து நாலரை வரை பேசுகிற அளவுக்கு உங்களிடம் விஷயமும் இல்லை, உண்மையைச் சொன்னால்.

அடுத்து அந்த நோட்டீஸ். "மேற்படி கூட்டத்தில் அனைத்துப் பெற்றோர்களும் தவறாது கலந்துகொண்டு கூட்டத்தினைச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." யாருக்கு எழுதியது இது? மேலதிகாரிக்கா, மீன் ஏலத்தில் நிற்கிற ஆத்தாவுக்கா? காகிதத்தை நாலாக மடித்துக் கிழித்து, பெரிய எழுத்தில் இவ்வளவு எழுதினால் போதுமே: "வெள்ளி, 3 மணி. உங்கள் பிள்ளை எப்படி வாசிக்கிறது என்று காட்டுகிறோம். அரை மணி நேரம்தான். யார் வந்தாலும் சரி, பாட்டி வந்தாலும் சரி." கீழ்ப் பாதியில் பிள்ளையின் பெயர், ஒரு கையெழுத்துக் கோடு. மறுநாள் அந்தப் பாதி திரும்பி வரவில்லை என்றால் செய்தி வீடு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அக்கறை இல்லை என்று அர்த்தம் இல்லை! பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதுதான் பெரிய கொடுமை. சேர்க்கைப் படிவத்தில் இருப்பது அப்பா நம்பர். அந்த போன் அப்பாவோடு படகில் கிடக்கிறது, கரை கண்ணை விட்டு மறைந்தால் சிக்னலும் கிடையாது. மாத ரீசார்ஜ் முடிந்தால் அதுவும் இல்லை. சரி, வீட்டில் இருக்கிற போனுக்காவது என்ன வருகிறது? மூன்று பக்கச் சுற்றறிக்கை பிடிஎஃப், அதற்கு மேல் பூப் போட்ட காலை வணக்கம், அதற்கு மேல் அதிகாரி வந்த போட்டோ பதினைந்து. இத்தனைக்கும் அடியில் "நாளைக்குள் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல்". நாளைக்குள்! ஜெராக்ஸ் கடைக்கே பஸ் ஏற வேண்டிய ஊரில்!

காகிதம் கேட்டால் 15 நாள் கொடுங்கள். ஒரு வாரம் கொடுத்தால் அந்த வாரம் கிட்டத்தட்ட முழுக்கவும் நீர் வற்றுகிற நாளாகவே அமைந்துவிடலாம். 15 நாளில் வேலை இல்லாத நாலு நாளாவது கட்டாயம் அகப்படும். குரூப்பில் ஆசிரியர் மட்டும் போடுகிற மாதிரி பூட்டுங்கள். எழுத வேண்டாம், 30 விநாடி வாய்ஸ், ஒரு வாய்ஸில் ஒரு விஷயம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாப்பா சவூதியில் இருந்தால் அவருக்கும் போகட்டும், வெள்ளி அவருக்கு விடுமுறைதான். ஆனால் பிள்ளையை அனுப்பிவைப்பது உம்மாவும் உம்மம்மாவும். அவர்கள் நம்பர் உங்களிடம் இருக்கிறதா?

சேர்க்கை அன்றைக்கே நாலு கேள்வி கேட்டு எழுதி வைத்தால் இந்தக் கூத்து பாதி குறையும். சாயங்காலம் பிள்ளையோடு வீட்டில் இருப்பது யார்? எந்த போன் கரையிலேயே இருக்கும்? வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் யார்? எந்த நாள் வேலை இல்லை? பருவத்துக்கு ஒரு தடவை நம்பரைச் சரிபார்க்க வேண்டும், சிம் மாறிக்கொண்டே இருக்கும்.

போன் இல்லாமலே செய்தி சொல்லத் தெரிந்த ஊர் இது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் எத்தனாம் நம்பர் என்று சின்னப் பிள்ளை சொல்லும். கோயில் மைக், சர்ச் மைக், பள்ளிவாசல் மைக், பாம்பனில் மீனவருக்கென்றே கடல் ஓசை 90.4 வானொலி. இவ்வளவும் இருக்க, பள்ளிச் செய்தி மட்டும் பிள்ளையின் பையில் கசங்கிச் சாம்பார் பட்டுப் போக வேண்டுமாம்.

அப்படியும் ஒருத்தி வந்துவிட்டாள் என்று வையுங்கள். என்ன நடக்கிறது? பாசி வாடையோடு வந்தவளை வராந்தாவிலேயே நிறுத்தி, "ஏம்மா, பிள்ளையை ஒழுங்கா அனுப்ப மாட்டியா?" பத்துப் பேர் முன்னால். "இல்ல டீச்சர், நீர் வத்துற நாளு..." என்று முடிக்கக்கூட விடுவதில்லை. பிறகு "உங்க பிள்ளை இன்னும் அரும்புலதான் இருக்கு" என்று ஒரு தீர்ப்பு. அரும்பு, மொட்டு, மலர் எல்லாம் பிள்ளை எந்தக் கற்றல் நிலையில் இருக்கிறது என்று சொல்ல, 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தோடு வந்த வகுப்பறைப் பேச்சு. அந்த அம்மாவுக்கு அரும்பு என்றால் பூக்கட்டுகிற அரும்புதான். பிள்ளையைக் கூப்பிட்டு அஞ்சு வரி வாசிக்கச் சொல்லுங்கள், எங்கே தட்டுகிறது என்று அவளே கேட்டுக்கொள்வாள். பிறகு வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "ராத்திரி பத்து நிமிஷம் சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, உங்களுக்கு வாசிக்கத் தெரியணும்னு இல்ல."

இது தயவும் இல்லை. பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாம் சொல்ல வேண்டியது ஆசிரியர் கடமை என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில் இருக்கிறது. 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர் என்கிறது, பாதிப் பேர் பெண்கள். நடப்பது என்ன? தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிவிட்டு, புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவது. இதற்குப் பெயர் பங்கேற்பா?

இன்னொன்று வயிற்றெரிச்சல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வருஷத்திலேயே அந்த அப்பாக்கள் தொடர்ந்து கரையில் கிடைக்கிற 61 நாள் அதுதான். வலையைப் பின்னிக்கொண்டு, படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு கண்ணெதிரே இருப்பார்கள். பள்ளிக்கோ அதில் பெரும்பகுதி கோடை விடுமுறை. ஏப்ரலில் கொஞ்சம், பள்ளி திறந்த பிறகு ஜூனில் கொஞ்சம், அவ்வளவுதான் மிச்சம். அந்த ஜூன் நாட்களில் முதல் கூட்டத்தை வையுங்கள், நாலு கேள்வியையும் அங்கேயே கேட்டு முடியுங்கள். தயவுசெய்து ஜூன் 15 என்று நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள். தடை முடிந்து ஐஸும் டீசலும் ஏற்றுகிற நேரம் அது, அத்தனை பேரும் படகுத் துறையில்தான் நிற்பார்கள். வேண்டுமானால் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அங்கே வாருங்கள்.