சொந்த வீடு என்றாலும் லைசன்ஸ் வேண்டும்
"அமெரிக்காவில் சொந்த வீட்டுக்குள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள எந்த மாநிலத்திலும் லைசன்ஸ் தேவையில்லை" என்று மேலே உள்ள பதிவில் நீங்கள் எழுதியிருப்பது தவறு. டெக்சாஸில் சரி, நியூயார்க்கில் படுக்கையறை அலமாரியில் வைத்திருந்தாலும் லைசன்ஸ் இல்லையென்றால் அது குற்றம்தான். நீங்கள் ஆதாரமாகக் காட்டும் 2008 ஹெல்லர் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாஷிங்டன் டி.சி.யின் கைத்துப்பாக்கித் தடையைத்தான் நீக்கியது, லைசன்ஸ் முறையையே ஒழிக்கவில்லை, அந்த நகரத்திலேயே இன்றும் துப்பாக்கியைப் போலீசில் பதிவு செய்தாக வேண்டும். அப்புறம், பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர், வீடு அவர் பெயரிலேயே இருந்தாலும், மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. நம் ஆட்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும், வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகளைத் தவிர்த்து, இதே தடைதான். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.