வேப்பிலைக் கொத்து முழுவதும் ஒரே இலை

இலை அமைவு பற்றிய உங்கள் கட்டுரையில் எதிரிலை அமைவுக்கு (ஒரே கணுவில், அதாவது தண்டில் இலை முளைக்கும் இடத்தில், இரண்டு இலைகள் எதிரெதிரே வருவதற்கு) வேம்பை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அது சரியல்ல. நாம் கொத்து என்று ஒடிக்கிறோமே, அது முழுவதும் ஒரே கூட்டிலை, அதாவது பல சிறு பகுதிகளாகப் பிரிந்த ஒரே இலை. இரு பக்கமும் இருப்பவை சிற்றிலைகள்தான். சந்தேகம் இருந்தால் மொட்டைத் தேடுங்கள்: காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் இருக்கும், சிற்றிலையின் அடியில் இருக்காது. மொட்டு முழு இலையின் அடியில்தான் வரும். தண்டில் வேம்பின் இலைகள் மாற்றிலை அமைவில்தான் (கணுவுக்கு ஒன்றாக, மாறி மாறி) வருகின்றன.

எதிரிலைக்கு வாசல் துளசியே போதுமே! (எருக்கும்தான்.) ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்தது வடக்கு தெற்காக. அதனால் கீழே உள்ள இலைக்கும் வெயில் கிடைக்கிறது, உணவு தயாரிக்க முடிகிறது. ஒரே கணுவில் இரண்டுக்கு மேல் வருவதும் உண்டு: அரளியில் பெரும்பாலும் கணுவுக்கு 3 இலை. ஏழிலைப்பாலையில் பெயர்தான் ஏழு. எங்கள் தெரு மரத்தில் நான் எண்ணிய அடுக்கில் 6.